மீன் தொட்டிக்குள் ஒரு சதி

ஏழாம் வகுப்பின் மீன் தொட்டியைத் தலைமையாசிரியர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தபோது, அதற்குள் பாசியும் கொசுப்புழுவும் முப்பது சின்ன மீன்களும் இருந்தன. உணவுச் சங்கிலியைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே படிக்கட்டும் என்று அறிவியல் டீச்சர் மூன்று மாதம் மெனக்கெட்டு உருவாக்கியது. தலைமையாசிரியருக்கு அது எடுப்பாகத் தெரியவில்லை. தன் பங்குக்கு உள்ளங்கை அகலத்தில், சிவப்பு வாலும் முறைத்த கண்ணுமாக ஒரு மீனை வாங்கிவந்திருந்தார்.

"சார், இது ரொம்பப் பெரிசு..." என்று டீச்சர் இழுத்தாள்.

"நான் வாங்கறது எப்பவும் பெரிசாத்தான் இருக்கும், டீச்சர்."

கைதட்டலுக்கு நடுவே மீன் தொட்டிக்குள் இறங்கியது. பள்ளியின் கம்பீரத்துக்கு அது அடையாளம் என்று இருபது நிமிடம் பேசினார். அவர் பேசி முடிப்பதற்குள் சின்ன மீனில் ஒன்று குறைந்திருந்தது.

யார் யாரைத் தின்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. படித்த பாடம்தானே! பெரிய மீனுக்கு 'ஹெச்.எம்.' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். டீச்சர் காதில் விழாததுபோல் இருந்துகொண்டாள். அவள் தற்காலிகம். வேலையை நிரந்தரமாக்கும் ஆணை தலைமையாசிரியர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது. மாதக் கடைசிக்குள் அது விழாவிட்டால் அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியர் வராந்தாவில் வரும்போது வகுப்புக்குள்ளிருந்து குரல்கள் கேட்டன.

"ஹெச்.எம். இன்னைக்கு மூணை முழுங்கிட்டாருடி!"

"போன வாரம் மட்டும் பன்னெண்டு. வயித்தைப் பாரேன், எப்படி உப்பியிருக்கு!"

தலைமையாசிரியர் முதலில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு வியர்த்தது. நூலகத்து மின்விசிறிகள் மூன்று அவர் வீட்டுக் கூடத்தில் சுற்றுவதும், புது நாற்காலிகள் பன்னிரண்டு அவர் மாடிக்கு ஏறியதும் யாருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தார்! சின்னப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். யார்?

அன்று மதியமே ஏழாம் வகுப்பு வாசலில் பியூன் வந்து நின்றார்.

"என்னண்ணே இங்க?" என்றாள் டீச்சர்.

"உள்ள என்ன நடக்குதுன்னு வேவு பார்த்துச் சொல்லணுமாம். நீங்களே சொல்லிடுங்களேன், டீச்சர். எனக்குக் கால் வலிக்குது."

மறுநாள் தலைமையாசிரியர் அவளைத் தன் அறைக்கே கூப்பிட்டார்.

"உங்க வகுப்புல யாரோ எதையோ முழுங்கறதாப் பேச்சு அடிபடுதே?"

"மீனைச் சொல்றீங்களா, சார்?"

"மீனா?" அவர் முகத்துக்கு உயிர் திரும்பியது. அடுத்த நொடியே புதுச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. "அப்போ மீனை யார் எடுக்கறது? சாயங்காலத்துக்குள்ள எழுத்துல குடுங்க. அதைப் பார்த்துட்டுத்தான் உங்க ஆணையைப் பத்தி யோசிக்கணும்."

ஆசிரியர் அறையில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். 'தாங்கள் விட்ட மீன்தான் தின்கிறது' என்று எழுதினால் வேலை போகும். 'தெரியாது' என்றால் திருட்டுப் பட்டம் தன் தலையில் விழும். கடைசியில், பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே ஒரு வரி போட்டாள்:

சின்ன மீன் → பெரிய மீன்

தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி அம்பு போகும், சத்து அந்தப் பக்கம் போவதால். இது ஏழாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் வரலாறு நடத்தியவர். அவர் ஆயுளில் பார்த்த அம்புகளெல்லாம் போர் வரைபடங்களில், படையெடுத்தவன் நாட்டிலிருந்து கிளம்பியவை.

தாளைப் பார்த்ததும் மேசையைத் தட்டினார். "அப்படிப் போடுங்க! சின்னதுங்க எல்லாம் கூட்டுச் சேர்ந்து பெரிசு மேல பாயுதுங்க. நான் நினைச்சேன்!"

டீச்சர் வாயைத் திறந்தாள்.

"பாய்ஞ்சதுல அடிபட்டுச் சிலது போயிருக்கும். உலகமே இப்படித்தான், டீச்சர். ஒருத்தன் கொஞ்சம் பெரிசா வளர்ந்துடக் கூடாது." பேனாவின் மூடியைக் கழற்றி, அவள் ஆணைக்கு மேலே பிடித்தார். "நான் சொல்றது சரிதானே?"

அவள் பேனா முனையைப் பார்த்தாள்.

"ஆமாம், சார்."

கையெழுத்து விழுந்தது. கூடவே, சின்ன மீன்களைத் தொட்டியிலிருந்து வெளியேற்றும்படி ஓர் உத்தரவும்.

அவள் அவற்றை வலையில் அள்ளி வாளிக்கு மாற்றும்போது ஒரு சிறுமி கிட்டே வந்து நின்றாள். "முழுங்கினது அது. வெளிய போறது இதுங்களா, டீச்சர்?"

"பாடத்தைப் பாரு" என்றாள் டீச்சர். அந்த வகுப்பில் அன்று முழுக்க யாரும் அவளிடம் சந்தேகம் கேட்கவில்லை. சந்தேகமாகப் பார்த்ததோடு சரி.

பத்து நாளில் பெரிய மீன் வாடிவிட்டது. தலைமையாசிரியர் மறுபடியும் கூப்பிட்டனுப்பினார்.

"அதோட சாப்பாட்டை யாரோ எடுக்கறாங்க. எனக்கு இந்த பியூன் மேலதான் சந்தேகம். இன்னைக்கே அவனைத் தூக்கிடலாம்னு இருக்கேன்."

டீத்தட்டோடு வாசலில் நின்ற பியூன் அப்படியே விறைத்துப்போனார். டீச்சர் அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"அவர் இல்லை, சார். அதோட சாப்பாட்டை வாளிக்கு மாத்தச் சொன்னது நீங்க. அந்தச் சின்ன மீனுங்கதான் அதோட சாப்பாடு."

தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிரந்தரம் ஆனதும் வாய் நீளுதே! இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"எழுதியே குடுத்தேன், சார்."

அவர் கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவினார். அம்பை உற்றுப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்பதுபோல், தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அம்பு அப்போதும் அவருடைய மீனைத்தான் காட்டியது.