தலைக்குத் தொண்ணூறு ரூபா

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தபோது ஆட்டுக்கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. தாய் ஆட்டையும் காணவில்லை, குட்டியையும் காணவில்லை. கயிறு இரண்டும் சுருட்டிக் கம்பில் தொங்கின. நரி கிரி அடித்துப்போட்டதோ என்று பதறிப்போய்க் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். பாத்தும்மா குந்தியிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், "ஹலீம் நானாவுக்கு வித்துப்போட்டன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்து மாதமாக என் மனைவி என்னோடு ஒரு முழு வசனம் கதைக்கவில்லை. சோறு போட்டால் கோப்பையை வைத்துவிட்டுப் போவாள். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். இன்றைக்கு மூன்று சொல் சொன்னாளே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஏன் புள்ளை வித்தனீ?"

"தொண்ணூறு ரூபா வேணும். அந்தக் கடனை எந்தக் கந்தோரிலை கட்டுறது?"

"எந்தக் கடன்?"

"நீங்கதானே ரெண்டு நாளாக் கத்திக்கொண்டு திரியிறீங்கள். என்னட்டைக் கேக்கிறீங்கள்."

ஓம், நான்தான் கத்திக்கொண்டு திரிந்தேன். என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் யஹ்யா. ஊர் தண்ணீரூற்று. சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊரூராய்க் கூவி விற்கிறவன். என் குரலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மதிப்பு இருந்தது. அறுபத்தைந்தாம் ஆண்டுத் தேர்தல் வந்ததும் எங்கள் தொகுதியில் போட்டியிட்ட ஒருவரின் ஆட்கள் என்னைப் பிடித்துக் காரில் ஏற்றி, கையில் மைக்கைத் தந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தியில் பெரிய கூட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்புக்காத்து ஒருவர், கோட்டில் வாதாடுகிற பெரிய வக்கீல், பேசினார். நாடு வெளிநாடுகளிடம் கடன்பட்டு மூழ்கிக் கிடக்கிறது என்றார். அமெரிக்காவிடம் கடன், இங்கிலாந்திடம் கடன், தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் தலைக்குத் தொண்ணூறு ரூபா கடன் என்றார். பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளை தின்ற பணிசு ரொட்டியும் அமெரிக்கன் மா, குடித்த பாலும் அமெரிக்கன் பால், அதுவும் கடன் என்றார். சனம் 'அட' என்று வாயில் கை வைத்தது.

கூட்டம் முடிந்ததும் பரமலிங்கம் மாஸ்டர் ஓடி வந்தார். தேர்தல் வேலை முழுக்க அவர் பொறுப்பு. "யஹ்யா, அந்தத் தொண்ணூறு ரூபாயை விடாதை. அதுதான் சனத்துக்கு ஏறுது" என்றார். நான் விடவில்லை. முள்ளியவளையிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் திங்கள் முழுக்கவும் செவ்வாய் மத்தியானம் வரைக்கும் அதைத்தான் கூவினேன். அந்தக் கணக்கு சரியோ பிழையோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், நாட்டின் கடனைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. கத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் வீட்டுக்குப் போகத் தேவையில்லை, அவ்வளவுதான். நான் கூவின காரே என் வேலியோரமாகப் போய்வந்தது. குசினியில் இருந்தவளின் காதில் அது விழும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. மடையன்.

எங்கள் மகள் றம்ஸியாவுக்கு ஏழு வயது. மாரி தொடங்கின கையோடு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. மையித்தை, செத்தவரின் உடலை, வைத்துத் தொழுவிக்க முன்னம் உரித்தானவன் ஒருவன் எழும்பி நின்று கேட்பான்: இவர் யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்று. கடனோடு ஒருவரையும் மண்ணுக்குள் வைக்கக் கூடாது. என் வாப்பாவுக்கு நான்தான் எழும்பிக் கேட்டேன். றம்ஸியாவுக்குக் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன கடன் இருக்கப்போகிறது? ஒருவரும் கேட்கச் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

"நீங்க கேக்கேல்லை" என்றாள் பாத்தும்மா, சுளகைக் கீழே வைத்துவிட்டு. "அவள் ரெண்டு வரிசம் அந்தப் பணிசைத் திண்டவள். அந்தப் பாலைக் குடிச்சவள். கடன் எண்டு தெரியாமல் திண்டிட்டாள். நாளைக்குக் கட்டிப்போட்டு வருவம்."

"அடி விசரி, அது மேடைக் கதை" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போதும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. "நீங்க வராட்டி நான் தனியாப் போவன்" என்றாள்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனோம். அரசாங்கக் காரியம் பார்க்கிற காரியாதிகாரி கந்தோரில் கதிர்காமநாதன் என்று ஒரு கிளாக்கர் இருந்தார். என்னிடம் வேட்டி வாங்குகிறவர். அவரிடமாவது ஒரு சொல் கேட்டால் இவள் அடங்குவாள் என்று நினைத்தேன். பாத்தும்மா முக்காட்டை இழுத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து, காசை மேசையில் வைத்தாள். "மகளின்ரை கடன், ஐயா. காசு கட்டினதுக்குத் துண்டு ஒண்டு எழுதித் தாங்கோ."

கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விசயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிசன், சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னார்.

"தங்கச்சி, அது ஆளாளுக்குக் கட்டுற கடன் இல்லை. அரசாங்கம் எடுத்தது. பொதுப் பணத்திலையிருந்து அரசாங்கம்தான் திருப்பிக் குடுக்கும். அரசியல் சட்டத்திலையே அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

"அரசாங்கம் எண்டா ஆர், ஐயா?"

"பார்லிமெண்டு, மந்திரிமார்…"

"இவர் காரிலை போய் வேறை மாதிரியெல்லோ சொல்லுறார். வோட்டுப் போடுற நீங்கள்தான் அரசாங்கம் எண்டு. வோட்டுக்கு மட்டும் நாங்க அரசாங்கமோ? கடனுக்கு இல்லையோ?"

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து மேசையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார்.

"சரி, எங்களுக்கெண்டாலும் வோட்டு இருக்கு" என்றாள். "அவளுக்கு அதுவும் இல்லையே. வோட்டுப் போட வயசில்லாத புள்ளைக்குக் கடனை மட்டும் எப்பிடி எழுதினவை?"

அவள் பையிலிருந்து ஒரு சின்ன உள்சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். அதைப் பையில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மா முடிந்த சாக்கை வாங்கி வந்து அவளே தைத்தது. எவ்வளவு தோய்த்தாலும் சாக்கில் இருந்த அச்சு போகவில்லை. நெஞ்சில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்தபடி, மேலேயும் கீழேயும் இங்கிலிஸ் எழுத்து. றம்ஸியா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து, "வாப்பா, எனக்கு அமெரிக்காக்காரன் கை குடுக்கிறான்" என்று ஓடித் திரிவாள்.

"இதுதான், ஐயா, கடன் சீட்டு" என்றாள் பாத்தும்மா. "இதிலை எவ்வளவெண்டு போட்டிருந்தா அதையே எடுங்கோ."

கதிர்காமநாதன் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். எழுத்தில் பாதி கையிடுக்கில் தையலுக்குள் போயிருந்தது. தையலை விரலால் விரித்து மெல்ல வாசித்தார். பிறகு துணியை நான்காக மடித்து இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"இது கடனே இல்லை, தங்கச்சி. அமெரிக்காச் சனம் அன்பளிப்பாக் குடுத்தது எண்டுதான் எழுதியிருக்கு. விக்கக் கூடாது, மாத்தக் கூடாதெண்டும் போட்டிருக்கு. உங்கடை பிள்ளை ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை."

"சும்மாவோ?"

"ஓம். சும்மா குடுத்தது."

நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். முடிந்தது, ஆட்டைத் திருப்பி வாங்கலாம், மனுசி இனிச் சரியாகிவிடுவாள் என்று என் மூளை ஓடியது. பாத்தும்மாவின் முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை. காசை முடிந்துகொண்டு எழும்பி வெளியே வந்தாள். கந்தோர் வாசலில் நின்ற வேப்பமரத்தடியில் இருந்தாள். அப்போதுதான் அழுதாள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. தெருவால் போன சனமெல்லாம் நின்று பார்த்தது.

"ஏன் புள்ளை அழுறாய்? கடன் இல்லையெண்டு சொல்லிப்போட்டாரே."

"அதுதான்" என்றாள். "இது ஒண்டாவது இருந்துதெண்டு நினைச்சன். இனி அவளுக்கு நான் செய்யிறதுக்கு ஒண்டுமே இல்லை."

பஸ் வரும்வரை அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அன்றைக்கும் அடுத்த நாளும் நான் காருக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனபோது பள்ளிவாசல் கேற்றடியில் கார் நின்றது. பரமலிங்கம் மாஸ்டர் இறங்கி வந்தார். "என்ன யஹ்யா, கழுத்தறுத்துப் போட்டாய். இன்னும் மூண்டு நாள்தான் கிடக்கு. தொழுகை முடியச் சனம் வெளிக்கிடேக்கை ஒருக்காச் சொல்லிவிடு" என்று மைக்கை நீட்டினார். "தொண்டை சரியில்லை, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தொழுகை முடிந்து சனம் எழும்ப முன்னம் நான் எழும்பினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எழும்பும்வரை எனக்கே தெரியாது.

"என்ரை மகள் றம்ஸியா மௌத்தாகி அஞ்சு மாசம். அண்டைக்கு நான் கேக்கேல்லை. இண்டைக்குக் கேக்கிறன். அவள் ஆருக்கும் ஏதும் குடுக்க இருந்தா என்னட்டைச் சொல்லுங்கோ. நான் பொறுப்பு."

மைக் இல்லாத என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தொழுகை நடத்தின லெப்பை மெல்ல வந்து என் தோளைப் பிடித்தார். "தம்பி, அதுகள் கேள்வி கணக்கில்லாமல் சொர்க்கத்துக்குப் போற புள்ளையள். அதுகளுக்கு என்ன கடன்?"

"தெரியும், லெப்பை. இருந்தாலும் கேக்கவேணும் போல இருந்துது."

வீட்டுக்கு வந்து பாத்தும்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல், நான் தின்று முடிக்கும்வரை எதிரே இருந்தாள்.

பின்னேரம் படலை திறக்கிற சத்தம் கேட்டது. ஹலீம் நானா. எங்கள் ஆடுகளை வாங்கினவர். அவருக்குப் பின்னால் அவருடைய கடைசி மகள் ஹாஜறா, அழுது வீங்கின முகத்தோடு. றம்ஸியாவோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

"நான் பள்ளிவாசலிலை நடந்ததை வீட்டிலை போய்ச் சொன்னன்" என்றார் ஹலீம் நானா. "அப்ப தொடங்கினவள் அழுகை. கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு ஒரே பிடிவாதம். சொல்லன் புள்ளை."

ஹாஜறா என்னைப் பார்க்கவில்லை. பாத்தும்மாவைப் பார்த்துச் சொன்னாள். "றம்ஸியா என்னட்டைச் சிலேட்டிலை எழுதக் கல்லுப்பென்சில் வாங்கினவ. நாளைக்குத் தாறன் எண்டவ. பிறகு காய்ச்சல் எண்டு வரேல்லை."

பாத்தும்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கண்ணில் உயிர் இருந்தது. தொண்ணூறு ரூபா முடிச்சை அவிழ்த்து ஒரு சில்லறைக் காசை என் கையில் வைத்தாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் பறந்தேன். பென்சிலை வாங்கிக்கொண்டு வந்து பாத்தும்மாவிடம்தான் கொடுத்தேன். ஒரு முனையில் பூப்போட்ட தாள் சுற்றின புதுப் பென்சில். அவள் அதை முந்தானையால் துடைத்தாள். ஹாஜறாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, பிஸ்மி சொல்லி, அவளுடைய கையில் வைத்தாள்.

"என்ரை மகளின்ரை கடன். சரிதானே, ராசாத்தி?"

ஹாஜறா பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலால் அளந்து, நடுவில் பிடித்து, டக்கென்று முறித்தாள். தாள் சுற்றின பாதியைப் பாத்தும்மாவிடம் நீட்டினாள்.

"அவ பாதிதான் வாங்கினவ, மாமி. இது றம்ஸியாவின்ரை."

வேலியோர ஒழுங்கையால் தேர்தல் கார் போனது. புதிதாய்ப் பிடித்த ஆள் போல, பழக்கமில்லாத ஒரு குரல், தொட்டில் பிள்ளைக்கும் தலைக்குத் தொண்ணூறு ரூபா என்று கூவிக்கொண்டு போனது. ஹலீம் நானா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போனார். பாத்தும்மா முழங்காலில் இருந்தபடியே இருந்தாள். விரித்த உள்ளங்கையில் அந்தப் பாதிப் பென்சில் கிடந்தது.