பத்து தௌ அதிகம்

டெஸ்மண்ட் பட்டறையில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. எஞ்சினில் நாக்கிங் கேட்டால் யோசிக்காதே, காலை எடு. தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம்தான் நாக்கிங். அது வந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதிப்பவன் கொலைகாரன் என்பது அவர் கட்சி. இருபது வருஷம் ரேஸ் கார் ஓட்டியவர். டீ குடிக்கும்போது தெருவில் எவனுடைய ஸ்கூட்டராவது நாக்கிங் அடித்தால்கூட அவருடைய வலது கால் தானாகப் பின்னால் இழுத்துக்கொள்ளும். நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நீலசந்திராவில் இருந்தது பட்டறை. வாட்ச் ஃபாக்டரியில் எனக்கு வேலை போன வருஷம் ஏழு பட்டறைகள் ஏறி இறங்கினேன். ஏழு பேரும் என் புடவையைத்தான் பார்த்தார்கள். டெஸ்மண்ட் என் விரல்களைப் பார்த்தார், இரும்பு தேய்க்கும் கிரைண்டரைக் கையில் கொடுத்தார். அதிலிருந்து ஐந்து வருஷமாக, பெங்களூரில் ரேஸுக்குப் போகும் கார்களில் பாதிக்கு சிலிண்டர் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்மூடி, வேலை என் கைதான். காற்று உள்ளே போகும் வழியைத் தேய்த்து அகலமாக்குவேன், வால்வு சீட்டைச் சீர் செய்வேன், கடைசியில் ஹெட்டின் அடிப்பக்கத்தை மெஷினில் கொஞ்சம் சீவி எடுப்பேன். சீவச் சீவ உள்ளே அழுத்தம் கூடும், எஞ்சினுக்கு வெறி பிடிக்கும். அளவு மீறினால் நாக்கிங்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் பிழைப்பு ஆட்டம் கண்டது. ரேஸ் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். வெளிநாட்டில், பெர்த் நகரத்திலிருந்து டெஸ்மண்டின் அக்கா மௌரீன் மாதம் ஒரு கடிதம் போட்டாள், இங்கே வந்துவிடு என்று. அவரும் பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்துவிட்டார். "கடைசியா ஒரு பெரிய ஆர்டர் வந்தா இருக்கேன் வேதா. இல்லாட்டி ஏப்ரல்ல ஷட்டர் டவுன்," என்றார். அவர் போனால் ஒன்பதாவது பட்டறை எனக்குக் கிடையாது.

அப்போதுதான் சேஷகிரி வந்தார். மலைப்பக்கத்து அணை ஒன்றில் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விடுபவர். புதிதாக ஜெட் போட் ஒன்று வாங்கியிருந்தார், அதே மாதிரி இன்னும் நான்கு வரவிருந்தன. எட்டுப் பேரை ஏற்றினால் எருமைபோல் தண்ணீரில் அமுங்கிக்கொண்டு போகிறது, எழும்ப மாட்டேன் என்கிறது என்பது அவர் குறை. முதல் போட்டைச் சரிசெய்து காட்டினால் மற்ற நான்கும் நமக்கு.

எவ்வளவு சீவ வேண்டும் என்று டெஸ்மண்ட் சுவரில் சாக்பீஸால் எழுதினார். முப்பது தௌ. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ. எழுதிவிட்டுப் பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கிளம்பினார். அவர் கையில் அந்த ஃபைலைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போட் ஒரே பாய்ச்சலாகப் பாய வேண்டும், சேஷகிரி வாயைப் பிளக்க வேண்டும், இந்த மனுஷன் எங்கேயும் போகக் கூடாது. நாற்பது எடுத்தேன். ரேஸ் காரில் நாற்பது வரை போயிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் கார் ஓட்டுபவன் வளைவுக்கு வளைவு காலை எடுப்பான், எஞ்சின் மூச்சு வாங்கிக்கொள்ளும். ஜெட் போட்டில் வளைவு ஏது? முழு பாரத்தோடு நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது என் மண்டைக்கு அப்போது ஏறவில்லை.

சோதனை ஓட்டம் ஹொசகோட்டைப் பக்கத்து ஏரி ஒன்றில். காலை பத்து மணி. புறப்படும் முன் சேஷகிரி எங்கள் இருவருக்கும் ஒன்று சொன்னார். "இதுக்குச் சுக்கான் கிடையாது. பின்னால பீச்சற தண்ணிதான் திருப்பும். ஆக்சிலரேட்டரை விட்டா ஸ்டீயரிங் சும்மா சுத்தும், போட் நேராப் போகும். புரியறதா?"

"புரியுது சார்," என்று டெஸ்மண்ட் தலையாட்டினார்.

எட்டுப் பேருக்குப் பதில் மணல் மூட்டைகள். டெஸ்மண்ட் ஓட்ட, நான் பக்கத்தில், சேஷகிரி பின்னால். மிதித்தார். போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. சேஷகிரி "அப்பாடா!" என்று கத்தினார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. ஏரியின் நடுவைத் தாண்டினோம். எதிரே கரை, கரைக்கு முன்னால் ஒரு பரிசல். அதில் ஒருவன் குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது கேட்டது. மெல்லிசாக, என் காலுக்குக் கீழே, ஜல்லிச் சத்தம்.

டெஸ்மண்ட் காலை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை இடது பக்கம் வேகமாக ஒடித்தார். போட் திரும்பவில்லை. இன்னொரு சுற்று ஒடித்தார். பரிசலைப் பார்த்து வழுக்கிக்கொண்டே போனது.

"மிதிங்க!" என்று கத்தினேன்.

"நாக்கிங் அடிக்குது வேதா!"

"அடிக்கட்டும், மிதிங்க சார்! ஆளு இருக்கான்!"

அவர் கால் அசையவில்லை. மனுஷன் பயந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன், இருபது வருஷப் பழக்கம் அந்தக் காலைப் பிடித்து வைத்திருந்தது. நான் குனிந்து இரண்டு கையாலும் அவர் முழங்காலைப் பெடல்மேல் அழுத்தினேன். எஞ்சின் அலறியது. ஜல்லி இப்போது பாறாங்கல் ஆகியிருந்தது. மூன்று வாரம் நான் தடவித் தடவித் தேய்த்த ஹெட் அது. உடையட்டும் என்று இன்னும் அழுத்தினேன். பின்புறம் ஒரு வெட்டு வெட்டி, போட் சாய்ந்து திரும்பியது. பரிசல்காரனின் திறந்த வாயும் வெற்றிலைக் கறையும் எனக்குத் தெரிந்தன. ஒரு கை தூரம் இருந்திருக்கும். தாண்டினோம். அதற்கப்புறம் ஒரே வெடிச் சத்தம், வெள்ளையாகப் புகை, பிறகு எதுவும் கேட்கவில்லை.

முதலில் கேட்டது பரிசல்காரனின் குரல்தான். "கண்ணு காணல்வா நிம்கே?" கண் தெரியவில்லையா என்று கன்னடத்தில் ஆரம்பித்து எங்கள் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினான். அலையில் அவன் பிடித்த மீனெல்லாம் தண்ணீருக்கே திரும்பிப் போய்விட்டதாம். உயிரோடு இருந்து திட்டுகிறானே என்று எனக்கு அழுகை வந்தது.

டெஸ்மண்ட் துணியால் கையைத் துடைத்தார். "பெட்ரோல்ல கலப்படம் சார். வழியில போட்டோமில்ல, மண்ணெண்ணெய் கலந்திருக்கான். நாத்தம் பாருங்க." அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். சுவரில் எழுதியது முப்பது அல்லவா.

சேஷகிரி பிடித்த சீட்டுக் கம்பியை இன்னும் விடவில்லை. ஆனாலும் சிரித்தார். "இருக்கும். இந்த ஊர் பங்க்ல எவனை நம்பறது? ஆனா அது எழும்பின வேகத்தைப் பார்த்தேன் டெஸ்மண்ட். மத்த நாலுக்கும் இதே வேலைதான், இம்மிகூட மாத்தாதீங்க."

டெஸ்மண்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. "அக்காவுக்கு வரலைன்னு லெட்டர் எழுதிடலாம் வேதா," என்றார் காதோடு.

கரைக்குப் போக வேறு வழியில்லை. திட்டிக்கொண்டே பரிசல்காரன்தான் வந்தான். எங்கள் மூன்று பேரையும் ஒன்றாகத் தாங்காது என்று என்னையும் சேஷகிரியையும் முதலில் ஏற்றிக்கொண்டான். துடுப்புப் போடும்போதும் வாய் ஓயவில்லை. வீட்டில் இரண்டு பெண்களாம், நாங்கள் இடித்திருந்தால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்டான். சேஷகிரி அவனுக்குக் கன்னடத்தில் சமாதானம் சொன்னார். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு போட். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர். அந்த அணையிலும் பரிசல்கள் இருக்கும்.

கரையில் இறங்கியதும் சொன்னேன். "சார், பெட்ரோல் இல்ல. முப்பதுன்னு அவர் எழுதியிருந்தாரு, நான்தான் நாப்பது எடுத்தேன். அதனாலதான் அடிச்சுது. நாலுலயும் இதையே செஞ்சா நாலும் அடிக்கும்."

சேஷகிரி ஏரி நடுவில் நின்ற போட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா எடுத்தீங்க?"

"அவர் ஊரைவிட்டுப் போயிடுவார்னு."

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்க வைக்க எனக்கும் தெம்பில்லை. "இனிமே யார் கைல கொடுக்கறதுன்னு நான் யோசிக்கணும்," என்றார். பிறகு தணிந்த குரலில், "அவருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்."

"அப்ப அதை நீங்களே சொல்லிடுங்க," என்றுவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

பரிசல் திரும்பப் போய் டெஸ்மண்டை ஏற்றிக்கொண்டது. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். பரிசல்காரன் அதட்டியும் கேட்காமல் எழுந்து நின்று, இரண்டு கைக் கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவரை இறக்கிவிடத் தண்ணீருக்குள் முழங்கால்வரை நடந்தேன்.