கக்கூஸ் திறப்பு

என் கணவர் கனகலிங்கத்துக்கு எல்லா வருத்தத்துக்கும் ஒரே பெயர்தான்: சூடு. கண் சிவந்தாலும் சூடு, தலை இடித்தாலும் சூடு. எனக்குச் சலக்கடுப்பு வந்து, சலம் போகும்போது எரிய, கக்கூசுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதபோதும் சூடுதான். தொண்டைமானாற்றில் கடலுக்குப் போய் வருகிற மனிதர் வலையைப் பார்த்தால் போதாதா? வைத்தியமும் பார்க்க வந்துவிடுவார்.

"இஞ்சாரும், ரண்டு இளநி குடியும். எல்லாம் பறந்திடும்."

இளநீர் குடித்துக் குடித்து எங்கள் வளவுத் தென்னைகள் மொட்டையானதுதான் மிச்சம்.

நானும் சும்மா இருக்கவில்லை. முதல்முறை ஆசுபத்திரிக்குப் போனேன். என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளியிருக்கிற சிவக்கொழுந்து நின்றாள். அவளுடைய காதில் விழுந்தால் சன்னதி கோயில் தேர்முட்டி வரைக்கும் போய்விடும். டொக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்க, "வயித்தெரிவு" என்று சொல்லிவிட்டேன். அவரும் வயிற்றெரிவுக்கே மருந்து தந்தார். பாவம், அவர் வேறென்ன செய்வார்?

அடுத்தமுறை கைகொடுத்தது கனடா. அக்கா அனுப்பிய பார்சலில், சவர்க்காரத்துக்கும் சொக்கிலேற்றுக்கும் நடுவில், அவளுக்கு இதே வருத்தத்துக்கு அங்கே டொக்டர் கொடுத்து, பாவித்து மிஞ்சிய குளிசை அட்டை ஒன்று இருந்தது. இரண்டு நாள் போட்டேன், கடுப்பு நின்றது. வெளிநாட்டுக் குளிசையை வீணாக்கலாமா? மிச்சத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். மூன்றாம்முறையும் அதே அட்டை, அதே இரண்டு நாள்.

நான்காம்முறை குளிசையும் கேட்கவில்லை. நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தது. முதுகில், விலாவுக்குக் கீழே, யாரோ உலக்கையால் இடிப்பதுபோல ஒரு நோ. குடித்த தண்ணீரும் சத்தியாய் வெளியே வந்தது. கனகலிங்கம் இளநீர் வெட்டக் கத்தியைத் தேடினார்.

"கத்தியை வையுங்கோ. ஓட்டோவைக் கூப்பிடுங்கோ," என்றேன். "உது சூடுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. எனக்கு ஏன் திரும்பத் திரும்ப வருதெண்டு தெரியாமல் இந்தமுறை வீட்டை வாறேல்லை."

பருத்தித்துறை ஆசுபத்திரியில் இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. "சலக்கடுப்பு, டொக்டர். நாலாம்தரம்," என்று ஊருக்கே கேட்கச் சொன்னேன். சொன்னதும் பாதி வருத்தம் இறங்கியதுபோல இருந்தது. அட்டைக் கதையையும் மறைக்கவில்லை.

என்னை வார்ட்டில் மறித்துப் படுக்கவைத்து, கையில் சேலைன் ஏற்றினார்கள். "ஒரு காரணம் எண்டு இப்பவே சொல்லேலாது, அம்மா," என்றார் டொக்டர். "சீனி வருத்தம் இருந்தாலும் வரும். கல்லு இருந்தாலும் வரும். மாதவிலக்கு நிக்கிற வயசிலையும் வரும். ஒவ்வொண்டாப் பாப்பம். சலத்தைச் சோதனைக்கு அனுப்பினால் என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் எண்டு தெரியும்."

சீனி இல்லை. ஸ்கானில் கல்லும் இல்லை. சலத்தில் இருந்த கிருமிக்கோ கனடாக் குளிசை ஒரு பொருட்டே இல்லையாம். "அரைகுறையாக் குடிச்சால் மெலிஞ்ச கிருமிதான் சாகும். பலமானது தப்பிடும்," என்றவர், கட்டில் ஓரத்தில் நின்றபடியே கேட்டார்:

"வேலைக்குப் போனால் எவ்வளவு தண்ணி குடிப்பீங்கள்?"

"காலமை வெளிக்கிடேக்கை ஒரு தேத்தண்ணி. பிறகு பொழுதுபடத்தான்."

"ஏன்?"

"குடிச்சால் போகவேணுமே, டொக்டர்."

"போறதுக்கென்ன?"

கடைக் கதை முழுவதையும் சொன்னேன். நான் வேலை செய்வது பருத்தித்துறையில் தம்பிஐயா அண்ணையின் புடவைக்கடையில். கடைக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது. சந்தைக்கு வருகிற சனமெல்லாம் பாவிக்கிறது என்று அண்ணை அதைப் பூட்டி, திறப்பைத் தன் காசு மேசை லாச்சிக்குள் வைத்திருப்பார். போகவேண்டுமென்றால் காசு கட்ட நிற்கிற ஆம்பிளைகளை விலக்கிக்கொண்டு போய், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும். ஆம்பிளைப் பெடியளுக்குப் பிரச்சினை இல்லை, பின் ஒழுங்கை மதில் இருக்கிறது. நாங்கள் பெண்கள் கேட்கிறதில்லை. அடக்குவோம். நெடுக அடக்க முடியாது என்பதால் தண்ணீரும் குடிக்கமாட்டோம். அது எங்களுக்கு ஒரு கெட்டித்தனம்போல.

டொக்டர் சிரிக்கவில்லை. "இதுதான் முழுக் காரணம் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் இது பெரிய காரணம். இந்தமுறை கிருமி கிட்னிவரைக்கும் ஏறிட்டுது. கிட்னி தப்பினது உங்கடை அதிட்டம். இப்படியே விட்டால் ஒருநாள் தப்பாது. மருந்தை முடியும்வரைக்கும் குடியுங்கோ. தண்ணி குடியுங்கோ. அடக்காதையுங்கோ."

கிட்னி போனால் என்ன நடக்கும் என்று நான் வார்ட்டிலேயே கண்டேன். பக்கத்துக் கட்டில் பெண் இரத்தம் சுத்தப்படுத்தப் போய்வந்து, கிழிந்த சாக்குமாதிரிக் கிடந்தாள். எனக்குப் பயம் பிடித்தது. பயத்தோடு சேர்ந்து கோபமும் வந்தது. ஒரு திறப்புக்காக நான் சாகிறதா?

மருந்தை முடித்து, கிருமி இல்லை என்று சோதனையும் சொன்னபிறகு கடைக்குப் போனேன். பெரிய போத்தலில் தண்ணீர் கொண்டுபோனேன். அன்றைக்கென்று கூறைச்சேலை எடுக்க வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு குடும்பமே வந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய், தமக்கை, பெரியம்மாமார். நான் சேலையை விரித்துக்கொண்டே குடித்தேன். என்னோடு வேலை செய்கிற ஜெயகௌரி, போன மாசிதான் கலியாணம் முடித்தவள், போத்தலைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"மீனாம்பிகையக்கா, விசரே உங்களுக்கு? பிறகு என்ன செய்வியள்?"

"பாத்துக்கொண்டிரு."

வேளை வந்தது. காசு கட்ட மூன்று ஆம்பிளைகள் நின்றார்கள். விலக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணை, கக்கூஸ் திறப்பைத் தாங்கோ."

கடை அப்படியே நின்றுவிட்டது. அண்ணையின் முகம் கூறைச்சேலைமாதிரிச் சிவந்தது. "மெல்லக் கதையும், பிள்ளை... சனம் நிக்குது."

"சனத்துக்கும் வாறதுதானே, அண்ணை? மெல்லக் கதைச்சுத்தான் நான் ஆசுபத்திரியிலை கிடந்தனான். தாங்கோ."

லாச்சி திறந்தது. நான் போய் நிம்மதியாக வந்தேன். திறப்பை மேசையில் வைக்கக் கையை நீட்டினால், பின்னால் ஒரு குரல்.

"பிள்ளை, உதை இஞ்சை தா."

மாப்பிள்ளையின் தாய். மடியிலிருந்த சேலையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். "காலமை வெளிக்கிட்ட நேரம் தொடக்கம் அடக்கிக்கொண்டிருக்கிறன். சரிகையே கண்ணுக்குத் தெரியேல்லை." அவள் வர, தமக்கை போனாள். பெரியம்மா போனாள். பிறகு ஜெயகௌரி கையை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திறப்பு பிறகு லாச்சிக்குப் போகவில்லை. சேலை அலுமாரிப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து நானே கொழுவினேன். அண்ணை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பின்னேரம்தான் வாய் திறந்தார். கடை நிறையச் சனம், ஆணிப் பக்கம் முழுக்கப் பெண்கள். மேசைக்குப் பின்னால் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூச்சு மட்டும் வெளியே வருகிறமாதிரி:

"மீனாம்பிகை... உந்தத் திறப்பு..."

"என்னண்ணை?" என்றேன், போத்தலை மூடியபடி. "சத்தமாய்க் கேளுங்கோ. வெக்கப்பட்டால் கிட்னிக்குக் கூடாது."