அசையாத ஐம்பது

கட்டுப்பாட்டு அறைத் திரையில் பாய்லரின் நீர்மட்டம் ஐம்பது சதவீதம் என்றிருந்தது. டீ குடிக்கப் போகும்போதும் ஐம்பது. குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோதும் ஐம்பது. அடியில் தீ எரிகிற தண்ணீர் அப்படிச் சும்மா இருக்காது. அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் என்று ததும்பிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் உட்காராமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வந்துட்டான்யா டவுட்டு,” என்றார் ஆபரேட்டர். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவர்தான். மெக்கானிக்கின் இறந்துபோன மனைவிக்கு அண்ணன்.

“மச்சான், இது ஆடவே இல்லையே.”

“புது பாய்லர் மாப்ள. ஒழுங்கா இருக்கு. ஒழுங்கா இருந்தா உனக்குப் பொறுக்காதே.”

“மேல ஏறி கண்ணாடிக் குழாயப் பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன்.”

இரண்டு முறை சொன்னதிலேயே பார்க்கவில்லை என்று தெரிந்தது. நேற்று தண்ணீர் குறைந்து பாய்லர் தானாகவே அணைந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் மச்சானைக் காய்ச்சி எடுத்தார். திட்டு வாங்கிய மனுஷன், இனி அணையாதபடி எதையாவது செய்து வைத்திருப்பாரா? மட்டம் அளக்கிற பெட்டியின் அமைப்பை மாற்றும் கைக்கருவி இந்த அறையில்தான் மாட்டியிருக்கிறது. யாரும் எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் மனைவியின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தவரும் இவர்தான். போனில், “அப்படியேதான் இருக்கா, நீ ஷிப்ட முடிச்சிட்டு வா” என்றார். முடித்துவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு, எது அப்படியே இருக்கிறது என்றாலும் அவனுக்கு நம்பிக்கை வருவதில்லை.

கைக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினான். தண்ணீரை நேராகவே காட்டுகிற கண்ணாடிக் குழாய் ஆவியில் மங்கிக் கிடந்தது. துடைத்தும் ஒன்றும் தெரியவில்லை. மட்டத்தை அளந்து கீழே அனுப்புகிற பெட்டியின் மூடியைக் கழற்றி, கருவியின் இரண்டு கிளிப்புகளையும் கம்பிகளில் மாட்டினான். சிறிய திரை விழித்துக்கொண்டது. அளப்பது முப்பத்தொன்று. அனுப்புவது ஐம்பது.

பெட்டி சோதனை நிலையில் இருந்தது. தண்ணீர் எங்கே இருந்தாலும் ஐம்பது என்றே சொல்லும்படி யாரோ விட்டிருக்கிறார்கள். அது ஐம்பது என்று சொல்கிறவரை பாய்லர் தானாக அணையவும் அணையாது.

வாக்கிடாக்கியை எடுத்து மச்சானைக் கேட்கத்தான் போனான். விரல் பொத்தானில் நின்றது. ஐம்பது என்றால் சரிபாதி. பொய் சொல்ல நினைக்கிறவன் இவ்வளவு நேரான எண்ணையா வைப்பான்? காலையில் தீ மூட்டுமுன் இதே பெட்டியிலிருந்து போலி அளவுகளை அனுப்பி, கீழே அதே எண் வருகிறதா என்று இவனும் மச்சானும் பார்த்தார்கள். கால், பாதி, முக்கால் என்று போக வேண்டும். பாதியில் மச்சான், “வருது வருது, கழட்டிட்டு வா, தீ மூட்டச் சொல்றாங்க” என்றார். இவன் கிளிப்புகளைக் கழற்றினான். ‘இயல்பு நிலைக்குத் திரும்பவா?’ என்று கருவி கேட்டதா, இவன் பதில் சொன்னானா, நினைவில்லை. இப்போதெல்லாம் கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்கின்றன.

முப்பது என்று மாறியது எண். இன்னும் இறங்கினால் உள்ளே குழாய்கள் வறண்டு வெடிக்கும். நேர் கீழே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மச்சான் உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், தீய அணைங்க.”

“எதுக்குடா? ஐம்பதுலயே நிக்குது.”

“நிக்குதுல்ல. அதான்.”

“அணைச்சா மேனேஜர் என்னைத்தான் உரிப்பாரு. மறுபடியும் உன் டவுட்டா?”

“இல்ல மச்சான். பாத்துட்டுதான் சொல்றேன்.”

வாக்கிடாக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது. ஏணிக் கம்பியைப் பிடித்திருந்த உள்ளங்கையில் பாய்லரின் அதிர்வு ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

இயல்பு நிலைக்குத் திரும்பவா என்று கருவி கேட்டது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, ஆம் என்று அழுத்தினான்.

“மாப்ள,” என்றார் மச்சான். குரலில் கேலி இல்லை. “இப்ப ஆடுது.”

அவன் கிளிப்புகளைக் கழற்றவில்லை. கைக்குள் எண் நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது, முப்பத்தொன்று, முப்பது.