கொடி ஏறின ஊர்

தீர்த்தகிரிக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. ஜவளகிரிக் காட்டோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றுவது அவன் குடும்பத்து உரிமை. கொடி ஏறிவிட்டால் அது இறங்கும்வரை ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதைத் தமுக்கடித்துச் சொல்வதும் அவன்தான். மீறிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நாலு கதை வேறு வைத்திருந்தான்.

நாடு குடியரசான அந்தத் தை மாதத்தில், தளியிலிருந்து பிரகாசம் வாத்தியார் ஒரு மூவர்ணக் கொடியோடு வந்து, இதை இன்று ஊர் நடுவே ஏற்ற வேண்டும் என்றார். கொடி என்று காதில் விழுந்தபின் தீர்த்தகிரி சும்மா இருப்பானா? மூங்கிலுக்கு மஞ்சள் பூசினான், மாவிலை கட்டினான், தலைக்குக் குளித்து ஈரவேட்டியோடு வந்து நின்றான். வாத்தியார் ஏற்றிவைத்து, இமயம் முதல் கன்னியாகுமரி வரை இன்று இதே கொடிதான் பறக்கிறது என்று பேசி, மிட்டாய் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நம் ஆள் தமுக்கை எடுத்தான். கொடி ஏறிவிட்டது, இறங்கும்வரை யாரும் எல்லை தாண்டக் கூடாது என்று முழங்கினான். ஊரும் பயபக்தியோடு தலையாட்டியது.

வெயில் ஏறுவதற்குள் நிறைமாதமாயிருந்த அவன் மனைவி நாகம்மாவுக்கு வலி கண்டது. உள்ளே போன மருத்துவச்சி மங்கம்மா முகம் வெளுத்து வெளியே வந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன் கையால் ஆகாது, ஆனேக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்றாள்.

ஆனேக்கல் மைசூர் ராஜ்யத்தில் இருக்கிறது. ஊர் எல்லை என்ன, ராஜ்யத்து எல்லையையே தாண்டியாக வேண்டும். தீர்த்தகிரி மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி மரமாய் நின்றான். ஊரார் வாய்க்கு அவன் பயப்படவில்லை. தாண்டினால் அந்தக் குற்றம் நாகம்மா தலையில் விடியுமோ என்றுதான் நடுங்கினான். பாவம், அவன் சொன்ன கதைகளை அவனே நம்பியிருந்தான்.

மங்கம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்பா, மாரியாத்தா கொடிக்கு நம்மூரு எல்லைக்கல்லு எல்லை. இந்தக் கொடிக்கு எதுப்பா எல்லை?"

அவன் கொடியை அண்ணாந்து பார்த்தான். இமயம் முதல் கன்னியாகுமரி வரை என்றாரே வாத்தியார். இமயமே உள்ளே இருக்கும்போது ஆனேக்கல் எங்கே போய்விடும்?

"வண்டியில வைக்கோலப் போடுங்க" என்றான்.

வழியெல்லாம் நாகம்மாவிடம், நம் எல்லைக்குள்ளேதான் போகிறோம், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே மாட்டை விரட்டினான். அவளுக்கு அது காதில் ஏறியதோ இல்லையோ, அவனுக்குத் தெம்பாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கன்னடத்து டாக்டரம்மா நீங்கள் எந்த ராஜ்யம் என்று கேட்கவில்லை. நாகம்மாவைப் பார்த்தாள், சட்டென்று உள்ளே கொண்டுவரச் சொன்னாள். பொழுது சாய்கிற நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

தீர்த்தகிரி வாசலுக்கு வந்தபோது, ஆஸ்பத்திரிச் சேவகன் ராமப்பன் அங்கே பறந்த மூவர்ணக் கொடியை இறக்கிக்கொண்டிருந்தான். இந்த நன்றிக்கடனை யாருக்கு எதைக் கொடுத்துத் தீர்ப்பது? அவனுக்குத் தெரிந்த ஒரே முறையில் கேட்டான்.

"அண்ணா, இதுக்கு என்ன நேர்ந்துக்கணும்? சேவலா, கெடாவா?"

ராமப்பன் சிரிக்கவில்லை.

"இது ஒண்ணும் கேக்காதுப்பா."

ஒன்றும் கேட்காத கொடியைத் தீர்த்தகிரி அதுவரை கண்டதில்லை. கண்ணில் நீர் முட்டியது. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த ஊர் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் எழுந்திருக்கும்வரை ராமப்பன் கொடியை மார்போடு அணைத்தபடி நின்றான்.