சூடாகவே வடிகட்ட வேண்டும்

எண்ணெய் கெட்டதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாளா? நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருஷமாக நான் செய்தது இதற்கு நேர் எதிர். மல்லேஸ்வரத்து ஓட்டல்களில் வடை பொரித்துப் பொரித்துக் கருத்துப்போன எண்ணெயை வாங்கி வருவேன். அதில் தனிக் கொழுப்பு அமிலம் ஏகத்துக்கும் இருக்கும். அது இருக்கிறவரை அந்த எண்ணெயை டீசலாக மாற்றுவது பெரிய தலைவலி. கொட்டாங்குச்சிக் கரியில் அமிலம் ஏற்றி நான் செய்த கறுப்புத் தூளை மெத்தனாலோடு போட்டுச் சூடாக்கினால் அது மளமளவென்று குறையும். தூளை வடித்தெடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். என் ஆய்வேடே அந்தத் தூள்தான்.

ஆய்விதழுக்கு நான் அனுப்பியிருந்த கட்டுரையைப் படித்த ரெவ்யூவர் கேட்டிருந்தது ஒரே கேள்வி. வேலை செய்வது தூளா, அதிலிருந்து எண்ணெயில் கரைந்துபோகிற அமிலமா? பாதியில் சூடாகவே தூளை வடித்து எடுத்துவிட்டு, எண்ணெயை மட்டும் தொடர்ந்து சூடாக்கிப் பார்க்கச் சொன்னார். கொழுப்பு அமிலத்தின் அளவு அப்படியே நின்றால் பிழைத்தேன். குறைந்தால், தூள் வெறும் கரி. மூன்று வருஷம் போச்சு. பதில் அனுப்ப மாலை ஐந்து மணிவரை கெடு.

வடிக்கிற நேரம் பார்த்து என் கைடு தியோடர் சார் போன் செய்தார். பக்கத்து மேசைத் தமயந்தியிடம் குடுவையைக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

பன்னிரண்டு மணிக்கு ரிசல்ட் வந்தது. வடித்தபோது 6.2 சதவீதம், ஒரு மணி நேரம் சூடாக்கிய பிறகும் 6.1. சாருக்கு உடனே சொன்னேன். சந்தோஷத்தில் கேன்டீனில் இரண்டு பிளேட் பிசிபேளாபாத் வாங்கினேன்.

"அந்த எண்ணெய் என்னா சூடுடி!" என்றாள் தமயந்தி சாப்பிட்டுக்கொண்டே. "கை வைக்க முடியல. ஸ்வல்ப ஆறட்டும்னு விட்டுட்டுத்தான் வடிச்சேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆறினால், கரைந்துபோன அமிலம் திரும்பத் தூளிலேயே போய் ஒட்டிக்கொள்ளலாம். வடித்த எண்ணெய் யோக்கியமாகத் தெரியும்.

"ஏன்டி ஒரு மாதிரி ஆயிட்ட? நம்பர் நல்லாத்தானே வந்துச்சு?"

"அதான்டி பயமா இருக்கு."

பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன், பொய் சொல்வானேன். மாடி ஏறுகிறவரை அதையேதான் யோசித்தேன். ஆனாலும் புனலை ஓவனில் வைத்துச் சூடாக்கி, புதுசாக ஆரம்பித்து, பாதியில் நானே கொதிக்கக் கொதிக்க வடித்தேன். கட்டைவிரல் கொப்பளித்தது. அப்புறம் ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி நகத்தைக் கடித்தேன்.

நாலேமுக்காலுக்கு டைட்ரேஷன். ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் இறங்கியது. எண்ணெயில் எவ்வளவு அமிலம் மிச்சமோ, நிறம் மாற அவ்வளவு காரம் பிடிக்கும். நிறைய இறங்கட்டும், நிறைய இறங்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. எதிர்பார்த்ததில் பாதிகூட இறங்கவில்லை, கரைசல் ரோஸ் நிறமாகிவிட்டது. வடித்தபோது 6.2 இருந்தது, இப்போது 2.9. தூள் இல்லாமலே எண்ணெய் நல்லதாகியிருந்தது.

சாரை அழைத்தேன்.

"சார், அந்தப் பதில்..."

"நீ சொன்ன உடனே அனுப்பிட்டேன்மா. கெடு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? கங்கிராட்ஸ் லவினா!"

தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அதைத் திரும்ப வாங்கணும்" என்றேன். அவர் ஏன் என்று கேட்பதற்குள் அழுதுவிட்டேன்.