ஆற்றைத் தாண்டிய ஓட்டுச்சாவடி

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. 1938 ஜில்லா போர்டுத் தேர்தலன்று காலை ஒன்பதே காலுக்கு, ஓட்டுச்சாவடியாக இருந்த ஜெயமங்கலம் பள்ளிக்கூடம் எழுந்து, ஆற்றைத் தாண்டி, வடுகபட்டிப் புளியந்தோப்பில் இறங்கியது. அன்று பூண்டு விலை சற்று இறக்கம்.

பூண்டு வியாபாரி ராமுத்தாய் தேர்தலில் நின்றதே அந்த ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டித்தான்; முந்தின ஐப்பசி வெள்ளத்தில் அவளுடைய மூட்டைகளோடு இரண்டு மாடுகளும் போயிருந்தன. ஆனால் புதுச் சட்டம் வேட்பாளரின் செலவுக்கு இருநூறு ரூபாய் வரம்பு கட்டி, ஓட்டுப் போடுகிறவர்களுக்கு வண்டி அமர்த்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. வடுகபட்டியிலோ, அழைத்தவர் வண்டி அனுப்பாமல் யாரும் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. துவைத்த வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வாசலிலேயே நின்றார்கள்.

“நடந்து வாங்க மாமா. வண்டி விட்டா செயிச்சாலும் செல்லாதுங்கிறாக,” என்று ராமுத்தாய் கெஞ்சினாள்.

“கூப்பிடாத வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கும்?” என்றார் வாசலில் நின்ற அம்மாவாசி. “நீ வருத்தப்படாத ஆத்தா. எம்புட்டு நேரம்னாலும் இங்கனயே நிக்கோம்.”

தான் பிறந்த ஜெயமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தவள் ராமுத்தாய். அவள் கண் கலங்கியது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரி, மேசை, ஓட்டுப்பெட்டி சகிதம் வந்து இறங்கியது. ஓர் ஓடு நழுவவில்லை.

அவளை எதிர்த்து நின்று தோற்ற தேனி பஞ்சு வியாபாரி தங்கபாண்டி வழக்குப் போட்டார். கட்டடத்தை நகர்த்த எட்டாயிரம் ரூபாய் ஆகுமென்று ஒரு எஞ்சினியர் எழுதிக் கொடுத்தார். அதைத் தேர்தல் செலவில் சேர்த்தால் ராமுத்தாயின் பதவியும் போகும், பாலமும் போகும். அவளுடைய வக்கீல் சுந்தர்ராஜ் சட்டத்தின் அடிமடியிலேயே கைவைத்தார்: பிரியத்துக்கு வரம்பு கட்ட 1935ஆம் வருஷத்து அரசியல் சட்டம் எந்தச் சபைக்கும் அதிகாரம் தரவில்லை; ஆகவே இந்த விதியே செல்லாது.

“பிரியத்துல வந்துச்சாம்ல! எங் கோடவுனுக்கு எம்மேல பிரியம் இல்லாமலா இருக்கு? ஒரு சாண் நகரலையே!” என்று தங்கபாண்டி கோர்ட்டிலேயே கத்தினார்.

“அதுக்கு என்னைக்காச்சும் வெள்ளையடிச்சீகளா?” என்றாள் ராமுத்தாய்.

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது: பணத்துக்கு வரம்பு கட்டும் அளவில் சட்டம் செல்லும், பிரியம் அதில் அடங்காது. மறு வருஷம் பாலம் வந்தது. பள்ளிக்கூடம் திரும்பிப் போகவில்லை. ஜெயமங்கலத்துப் பிள்ளைகள் பாலத்தில் நடந்து வந்து படித்தார்கள்.

அடுத்த தேர்தலில் தங்கபாண்டி தன் வேட்புமனுவில் கையெழுத்துப் போட மறந்ததால் ராமுத்தாய் போட்டியின்றித் தேர்வானாள். அந்த வருஷம் அங்கே ஓட்டுப்பதிவே நடக்கவில்லை.